கோலாலம்பூரிற் பிறந்த கைக்கடியாரம்

2019-ம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஜெனிவா நகரத்தே கடியாரக் கலைக்கென ஆண்டுதோறும் வழங்கப்பெறும் பெரும் பரிசில்களுள் ஒன்று, செம்பு நிற முகமுடைய சிறியதொரு கைக்கடியாரத்திற்குக் கிடைத்தது. இளைய நிறுவனங்களின் ஆக்கத்தைப் போற்றுதற்கென ஏற்பட்ட பரிசில் அது. மிங் 17.06 என்பது கடியாரத்தின் பெயர். அந்நிறுவனத்தின் முதற் கடியாரம் வெளிவந்து அப்பொழுது ஈராண்டே கழிந்திருந்தன. அதன் உருவை எண்ணி வரைந்தவர் சுவிட்ஸர்லாந்து நாட்டினரல்லர், நம் கோலாலம்பூரினர். நிழற்படக் கலையிற் புகழ் பெற்ற மிங் தெய்ன் என்பார், கடியாரங்களிற் பற்றுடைய வேறு ஐவரோடு கூடி நிறுவியது அந்நிறுவனம். வரைவது கோலாலம்பூரில், செய்வதும் பூட்டுவதும் சுவிட்ஸர்லாந்தில். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடியாரத்தையே குலத்தொழிலாக் கொண்ட நாட்டினர், ஈயமும் ரப்பரும் விற்ற ஊரிலிருந்து வந்த படத்திற்குப் பரிசில் கொடுத்தனர்.

பணம் படைத்தோர் விளையாட்டுப் பொருளைப் பற்றித் தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைப்போர் அறிந்து ஆவதென்ன என்று நேயர்கள் வினவலாம். வினவ வேண்டுவதே. 17.06-ன் விலை 1,250 சுவிஸ் பிராங்கு. அந்நாளைய மாற்றில் ஐயாயிரம் வெள்ளிக்கு மேலாகும். அவ்வாண்டு மலேசியாவிற் சட்டம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் திங்களுக்கு 1,100 வெள்ளி. உண்ணாமலும் உடுக்காமலும் ஏறக்குறைய ஐந்து திங்கள் உழைத்தாலன்றி ஒரு தொழிலாளி அதனை வாங்கலாகாது. அதுவும் இவ்வகைக் கடியாரங்களுள் மலிவானது எனப் பெயர் பெற்றது! எனினும், விலையைக் கூறி அப்பொருளை ஒதுக்கிவிட நாம் ஒருப்படோம். கிள்ளான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நேரம் என்பது நூறாண்டுக்கு மேலாகப் பிறர் கணித்து, பிறர் அடித்து, நம்மனோர் செவியிற் படுவித்த ஒன்று. அப்பள்ளத்தாக்கிலிருந்தே நேரங்காட்டும் கருவியொன்று வரையப்பட்டு வெளிநாடு சென்றது என்றால், அதன் முன்கதையை அறிதல் நமக்கு உரியதே.

முதலிற் கருவியை அறிவோம். இக்கடியாரங்களில் மின்கலம் இல்லை. உள்ளே ஓர் உருளை. அதனுட் சுருட்டி அடைத்த உலோக நாடா. நாம் சாவி கொடுக்குங்கால் அந்நாடா இறுகுகிறது. இறுகியது தளர முயல்கிறது. அம்முயற்சியே கடியாரத்தின் உயிர். தளரும் வலியைப் பற்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்திச் செல்கின்றன. தடையின்றி விட்டால் சக்கரங்கள் யாவும் நொடிப்பொழுதிற் சுழன்று ஓய்ந்துவிடும். ஆதலின் இறுதிச் சக்கரத்தின் முன் ஒரு சிறு கவை காவல் நிற்கிறது. அக்கவை ஒரு பல்லை விடும். மறு பல்லைத் தடுக்கும். அதற்கு ஆணையிடுவது மயிரிழை போன்ற சுருளொன்றாற் பிணிக்கப்பெற்று இப்புறமும் அப்புறமும் ஆடும் சிறு சக்கரம். 17.06-ன் உள்ளே அஃது ஒரு மணி நேரத்தில் 28,800 முறை ஆடுகிறது; அஃதாவது நொடிக்கு எட்டு முறை. நாம் காதில் வைத்துக் கேட்கும் டிக் டிக் ஓசை, கவை பல்லைத் தடுக்கும் ஓசையே. அச்சுக்கள் தேயாதிருத்தற்பொருட்டு அவற்றின் முனைகள் செயற்கை மாணிக்கக் கற்களில் இருத்தப்படுகின்றன. கையசைவினாலே தானாகச் சாவி ஏறும் வகைகளில், அரைவட்டமான கனத்த தகடொன்று உள்ளே சுழன்று நாடாவை இறுக்குகிறது. 17.06 அவ்வகையினது.

இத்தனை நுட்பமும் எதற்கு என்ற வினா 1969-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி எழுந்தது. அன்று ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் படிகக்கல்லின் அதிர்வால் ஓடும் கைக்கடியாரத்தை விற்பனைக்கு வைத்தது. சுருள்வில் கடியாரம் ஒரு நாளிற் சில நொடி பிழைக்கும். படிகக் கடியாரமோ ஒரு திங்களிலேயே சில நொடிதான் பிழைக்கும். விலையோ ஆண்டுக்காண்டு வீழ்ந்தது. சுவிஸ் கடியாரத் தொழிலில் 1970-ல் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர்; பதினைந்து ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கினரே எஞ்சினர். நேரத்தைத் திருத்தமாகக் காட்டுதல் என்னும் வேலையிற் சுருள்வில் தோற்றது. தோற்றபின் அது கலைப்பொருளாயிற்று. இன்று ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி அதனை வாங்குவோர், மலிவான படிகக் கடியாரத்தினும் குறைந்த திருத்தமுடைய பொருளையே வாங்குகின்றனர். இதனை நகைப்பதும் எளிது. ஆனால் மின்விளக்கு வந்தபின்னும் நல்ல குத்துவிளக்கிற்கு மதிப்புக் குறையாதது போன்ற செய்தி என்று நமக்குத் தோன்றுகிறது. பெண் வீட்டார் கடன்பட்டு மாப்பிள்ளை கையில் மாட்டிவிடும் பொன்முலாம் கடியாரத்தைக் காட்டிலும், ஒருவன் தன் பொருளால் தான் விரும்பி வாங்கும் நுண்வேலைப்பாடு மேலானதன்றோ?

மணியும் நிமிஷமும் காட்டுவதற்கு மேலாக ஒரு கடியாரம் செய்யும் வேலை எதனையும் அத்தொழிலோர் 'சிக்கல்' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். தேதி காட்டல், நிலவின் வளர்வு தேய்வு காட்டல், ஓட்டப் பந்தயத்தில் நொடி அளத்தல் ஆகியன அச்சிக்கல்கள். புவியீர்ப்பால் நேரும் பிழையை ஈடுசெய்யக் கவையையும் ஆடும் சக்கரத்தையும் ஒரு கூண்டிலிட்டுச் சுழற்றும் உபாயத்திற்கு, பாரிஸில் வாழ்ந்த பிரெகே என்னும் கைவினைஞர் 1801-ல் உரிமை பெற்றார். இவற்றுள் நம்மைப் பெரிதும் கவர்வது உலக நேரச் சிக்கல். ஜெனிவாவின் அருகே வாழ்ந்த லூயி கொத்தியே என்பார் 1931-ல் அதற்கு நல்வழி கண்டார். முகத்தின் ஓரத்தில் உலக நகரங்களின் பெயர்கள் ஒரு வளையம். அதனுள்ளே 24 மணிகளும் எழுதிய மற்றொரு வளையம். உள் வளையம் நாளொன்றுக்கு ஒரு சுற்றுச் சுற்றும். ஒரே நோக்கில் லண்டனில் மணி என்ன, டோக்கியோவில் மணி என்ன என்று காணலாம். மிங் நிறுவனமும் 19.02 என்னும் பெயரால் உலக நேரக் கடியாரம் ஒன்று செய்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வளையம் முழு மணிகளையே அறியும். ஒரு நகரத்திற்கும் அடுத்த நகரத்திற்கும் இடையே சரியாக ஒரு மணி. அரை மணி, இருபது நிமிஷம் என்பன அதற்குப் புலப்படா. கொத்தியே தம் பொறியை அமைத்ததற்குப் பின் ஐம்பது ஆண்டும், நம் மலாயா பெரும்பாலும் அவ்வளையத்திற்குப் பொருந்தாத நாடாகவே இருந்தது. ஏன் பொருந்தவில்லை என்பதே இப்பள்ளத்தாக்கின் நேர வரலாறு.

கோலாலம்பூரில் இன்று சுல்தான் அப்துல் சமது கட்டிடம் எனப்படும் மாளிகை, சிலாங்கூர் அரசாங்க அலுவலகமாக 1897-ல் முடிவுற்றது. அதன் கோபுரத்தில் அமைந்த கடியாரம் இங்கிலாந்தின் கில்லட் அண்டு ஜான்ஸ்டன் கம்பெனியார் செய்தது. விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டு விழாவை ஒட்டி 1897-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி அது முதன்முறை மணி அடித்தது. லண்டன் அரசியின் விழாவிற் பிறந்த மணியோசை அது. ஆயினும் அன்று அது அடித்த நேரம் இவ்வூர் ஞாயிற்றையே ஒட்டியது. இவ்வூர் கிரீனிச்சுக்கு ஏறக்குறைய ஆறு மணி நாற்பத்தேழு நிமிஷம் முற்பட்டது. 1886-ல் கிள்ளான் பக்கத்திலிருந்து கோலாலம்பூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், ஊருக்கு ஊர் வேறு நேரம் என்பது ரயிலுக்கு ஒவ்வாததாயிற்று. 1901-ல் சிங்கப்பூர் நேரம் வந்தது. 1905-ம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து கிரீனிச்சுக்கு ஏழு மணி முற்பட்ட நேரம் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பிலே வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் தமிழகத்து ரயில் தொழிலாளரும் அந்நேரத்திற்கு எழுந்து, அந்நேரத்திற்கு உறங்கினர். ரயில்வேயே நம்மவர்க்கு நிமிஷம் என்பதைக் கற்பித்த முதற் பள்ளிக்கூடம் என்று நாம் கருதுகிறோம்.

1933-ல் இருபது நிமிஷம் கூட்டினர். மாலையில் விளையாட்டுக்கும் உலாவுக்கும் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். 1941-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி மேலும் பத்து நிமிஷம் கூட்டி ஏழரையாக்கினர். 1942-ல் ஜப்பானியர் வந்தனர்; வந்ததும் கடியாரங்களையெல்லாம் டோக்கியோவுக்குத் திருப்பினர். விடிவதற்கு முன்னரே மணி ஏழும் எட்டும் அடித்த காலம் அது. 1945-ல் மீண்டும் ஏழரை. 1982-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, சாபா சரவாக்கோடு ஒன்றுபடுத்தற்பொருட்டு, அரை மணி கூட்டி எட்டாக்கினர். 1981-ம் ஆண்டின் இறுதி இரவு பதினொன்றரை அடித்ததும் நள்ளிரவாயிற்று. அன்றே கொத்தியேயின் வளையம் இந்நாட்டிற்குப் பொருந்தியது! ஆனால் அதே அரை மணியால் வேறொன்று பொருந்தாமற் போயிற்று. இந்திய நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்டது. 1982 வரையில் நம் நேரத்தினின்று இரண்டைக் கழித்தால் ஊர் நேரம்; அதன்பின் இரண்டரையைக் கழிக்க வேண்டும். தாய்நாட்டு நேரத்தையும் நம் நேரத்தையும் ஒருங்கே காட்ட முழுமணி வளையத்தால் இன்றும் இயலாது. தமிழன் வாழும் இரு நிலங்களை ஒரு முகத்திற் காட்டத் தெரியாத விலையுயர்ந்த கருவி!

இவ்விடத்து ஒரு சொல். இன்று கோலாலம்பூரில் ஞாயிறு எழுவது ஏழு மணியை ஒட்டி அல்லது அதற்குப் பின். உச்சிப்பொழுது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. காலை ஆறு மணிக்கு ஞாயிறு எழும் என்று கொண்டு வகுத்த இராகுகால அட்டவணையைத் தமிழ்நாட்டு நாட்காட்டியிலிருந்து அப்படியே எடுத்து இங்கே கடைப்பிடிப்போர் இன்னும் உளர். அரசாங்கம் முள்ளைத் திருப்பும்போதெல்லாம் இராகுவும் கீழ்ப்படிந்து இடம் பெயர்கிறானோ? பஞ்சாங்கம் பார்ப்போர் முதலிற் கடியாரம் பார்க்கக் கற்றல் நலம்.

தோட்டங்களிலோ நேரம் வேறு வகையில் நடந்தது. ரப்பர் மரம் சட்டம் அறியாதது. வைகறையிற் பட்டையின் பாற்குழாய்களுள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகி, அழுத்தம் குறைந்து, பால் சுரப்பு ஒடுங்கும். ஆதலின் இருள் விலகுமுன்னரே பெரட்டு. அரசாங்கக் கடியாரம் எத்தனை முறை மாறினும் மரத்தின் நேரம் மாறியதில்லை. பெரட்டின் மணிக்கணக்கு மாத்திரம் மாறியது. தொழிலாளர் கையிற் கடியாரம் இல்லை. லயத்தில் நேரம் என்பது செவிக்கு வரும் ஓசை. ஓசை கேட்டால் எழுதல், ஓசை கேட்டால் நிற்றல், ஓசை கேட்டாற் கலைதல். நேரம் ஆபீசுச் சுவரிலும் துரையின் சட்டைப் பையிலும் இருந்தது. சுவரிலுள்ள அக்கடியாரத்தைப் பார்த்துச் செக்ரோலில் ஆள் வரவு எழுதியவர் கிராணி. நாமும் அத்தொழிலினரே. அந்தப் புத்தகத்தில் ஒருவன் காலங்கடந்து வந்தான் என்று ஒரு கோடு இழுத்தால் அரை நாட் கூலி போகும். கடியாரம் இல்லாதவன், கடியாரம் உடையவன் சொல்லும் நேரத்தை எதைக் கொண்டு மறுப்பான்?

கிள்ளான் தோட்டங்களில் 1941-ல் எழுந்த வேலைநிறுத்தத்தை இந்நோக்கிற் காணுதல் வேண்டும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர். எச். நாதன் முதலியோர் துணை நிற்க, தோட்டத் தொழிலாளர் கோரிக்கைகளை வைத்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகட்குக் கல்வி வேண்டும். தீங்கு புரியும் சிற்றதிகாரிகளை நீக்கித் தமிழறிந்தோரை அமர்த்த வேண்டும். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டதும் சைக்கிளினின்று இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கிராணிமார் இருமுறை சுட்டப்படுவதை நேயர்கள் காண்க. ஆங்கிலம் கற்ற நம் வகுப்பினர் இதனை மறவாதிருத்தல் நன்று. அக்கோரிக்கைகளுள் ஒன்று: பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பது. மணி என்னும் சொல் தொழிலாளர் வாயிலிருந்து துரைமாரை நோக்கிச் சென்றது அப்பொழுது. மே மாதத்தில் நாதன் கைதானார், கலகம் விளைந்தது, படை வந்தது, துப்பாக்கிக்குத் தொழிலாளர் சிலர் இரையாயினர், நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். வேலை நாளிலிருந்து ஒரு மணியைக் குறைக்கக் கேட்டதற்குக் கிடைத்த விடை இது. அதே ஆண்டு செப்டம்பரில், நாம் மேலே கூறியவாறு, நாடு முழுதும் கடியாரத்திற் பத்து நிமிஷம் கூட்ட அரசாங்கத்திற்கு ஒரு கட்டளையே போதுமாயிருந்தது.

விடுதலை பெற்ற இந்தியா கடியாரத்தைத் தன் கையாற் செய்ய விரும்பியது. 1961-ல் பெங்களூரில் எச். எம். டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியாரின் துணையோடு கைக்கடியாரத் தொழிற்சாலை அமைத்தது. சாவி கொடுக்கும் அக்கடியாரங்கள் நெடுங்காலம் இந்தியரின் முதற் கடியாரமாயிருந்தன. பின்னர் டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி டைட்டனை நிறுவின. தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. டைட்டன் பெரிதும் படிகக் கடியார வழியையே பின்பற்றியது, எச். எம். டி. கடியாரத் தொழில் இறுதியில் நலிந்து மூடப்பட்டது. அவர்கள் வழி பலருக்கும் எட்டும் கடியாரத்தைத் தொழிற்சாலையிற் செய்வது. கோலாலம்பூரின் வழி அதற்கு நேர் எதிரானது: தொழிற்சாலையே இல்லை, சிலருக்கான கடியாரம், எண்ணிக்கை குறைவு.

2017-ல் வந்த மிங் 17.01, 900 பிராங்கு விலையுடைய டைட்டேனியக் கடியாரம். உள்ளே சாவி கொடுக்கும் சாதாரண சுவிஸ் பொறி. புதுமை முழுதும் வடிவில். வாரைப் பிணைக்கும் நான்கு கொம்புகளும் உட்குவிந்து வெளிவிரியும் பாங்கு அந்நிறுவனத்தின் கையெழுத்தாயிற்று. 19.01-ல் பொறியும் சிறப்பு வாய்ந்தது; ஷ்வார்ஸ்-எட்டியென் கம்பெனியார் செய்தது; இரண்டு நாடா உருளைகள்; ஒருமுறை முழுச்சாவி கொடுத்தால் நூறு மணி நேரம் ஓடும். நொடி அளக்கும் கடியாரத்திற்கு ஜெனிவாவின் அஜனோர் நிறுவனத்தாரின் பொறி. பிற்காலத்து மாதிரிகள் சிலவற்றில் இருளில் ஒளிரும் குறிகளை முகத்தில் எழுதாது, மேற்கண்ணாடியின் உட்புறத்தில் எழுதினர். இரவிற் பார்த்தால் முள்ளுக்கு மேலே குறிகள் மிதப்பன போற் றோன்றும். நிழற்படக் கலைஞர்க்கன்றோ ஒளி எங்கே விழும் என்பது தெரியும்! 2023-ல் வந்த எல். டபிள்யூ. 01 என்பதன் எடை வார் நீங்கலாக 8.8 கிராம், நம் இருபது சென் காசு இரண்டின் எடைக்குச் சற்றே மிகுதி. 2024-ல் விளையாட்டுக் கடியாரத்துக்கான ஜெனிவாப் பரிசிலும், 37.09 என்னும் நீர்மூழ்குவோர் கடியாரத்தின் வாயிலாக, இந்நிறுவனத்திற்கே கிடைத்தது.

ஆயினும் இதனைக் கோலாலம்பூர்க் கடியாரம் என்று முழக்கஞ் செய்வோர் ஒன்று கருதுதல் வேண்டும். 'சுவிஸ் தயாரிப்பு' எனப் பொறித்துக்கொள்ள 2017 முதல் அந்நாட்டுச் சட்டம் கேட்பது, உற்பத்திச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் அந்நாட்டில் ஆகியிருத்தல் வேண்டும் என்பது. பொறி சுவிஸ் பொறியாதல் வேண்டும். பூட்டுவதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நிகழ்தல் வேண்டும். ஆதலின் கோலாலம்பூரின் பங்கு படமும் கருத்துமே. நம் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் கட்டியாகச் சென்று, பிற நாட்டில் உருளைப் பட்டையாகித் திரும்பி வந்தது. ஊதியம் எங்கே தங்கியது என்பதை நம் பாட்டன்மார் அறிவர். இப்பொழுது செல்வது பாலன்று, கருத்து. கருத்தை விற்பவன் பாலை விற்பவனினும் நன்கு பேரம் பேசக்கூடியவன். அது மெய்யான முன்னேற்றமே. எனினும் இடுக்கி பிடித்து மயிரிழைச் சுருளைத் திருத்தும் கை இன்னும் இங்கே போதிய அளவில் உருவாகவில்லை.

கை முற்றிலும் இல்லை என்பதற்கில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஐந்தடி நடைபாதையில் கண்ணாடிப் பேழையொன்றை முன்வைத்து, ஒரு கண்ணிற் பெருக்காடி செருகி அமர்ந்திருந்த கடியாரக்காரர்களை நகரத்தார் பலரும் கண்டிருப்பர். மின்கலம் மாற்றுதலும் வார் மாற்றுதலுமே இன்று அத்தொழிலில் மிகுதி. சுருள்வில் கடியாரம் என்றோ ஒரு நாள் வரும். ஜெனிவாவிற் பரிசில் பெற்ற 17.06-ன் செம்பு முகத்தின் கீழே ஓடுவது ஈ. டி. ஏ. 2824 என்னும் பொறி. எத்தனையோ நிறுவனங்களின் சாதாரணக் கடியாரங்களில் நெடுங்காலமாக ஓடிவரும் பொறி அது, பழுதுபார்ப்போர் நன்கறிந்தது. 19.01-ன் பொறியோ, அஜனோரின் பொறியோ பழுதுற்றாற் சுவிட்ஸர்லாந்துக்கே அனுப்புதல் வேண்டும். பரிசில் பெற்ற கடியாரம் நின்றுபோனால், அதன் பின்மூடியைத் திருகித் திறந்து, உள்ளே பழகிய முகத்தைக் கண்டு முறுவலிக்கும் ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் இருப்பாராயின் நாம் வியப்புறோம்.